சமதளம்

லாரியை நிறுத்துவது எளிது.
சமமாக நிறுத்துவதுதான் வேலை.
கிரிம்ஸ்பி சூப்பர்மார்க்கெட்டின் பின்பக்கம்
தள்ளுவண்டிக் கூண்டுக்கும்
பழந்துணி போடும் தொட்டிக்கும் நடுவே
காலை ஐந்தரைக்கு
நான்கு இரும்புக் கால்களை இறக்கி
ரசமட்டத்தின் குமிழ் நடுக்கோட்டுக்கு வரும்வரை
குனிந்து குனிந்து எழுகிறேன்.
உள்ளே இருப்பது ஸ்கேன் எந்திரம்.
தரை இம்மி சாய்ந்தாலும் அதற்கு ஆகாது.

எழும்போதெல்லாம் இருமல்.
குளிர் என்பேன். டீசல் என்பேன்.
ஒருமுறை கடற்காகங்களையே குற்றம் சொன்னேன்.

ஒன்பது மணிக்கு வரத் தொடங்குவார்கள்
ஒரு கையில் அழைப்புக் கடிதம்
மறு கையில் சாமான் சீட்டு.
மீன்துறையில் முப்பது வருடம் பெட்டி தூக்கியவர்
படியேறுமுன் தொப்பியைக் கழற்றுகிறார்,
தேவாலயம் என்று நினைத்தாரோ என்னவோ.
டோரீன் பிளான்சார்டின் கணவரை
மூன்று முறை பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள்.
அவர் உருளைக்கிழங்கு வரிசையில் ஒளிந்திருந்தார்.
டோரீன் போய்
இரண்டு கிலோ பையோடு சேர்த்து இழுத்து வந்தாள்.

கடிதமே இல்லாமல் வந்தாள் ஒருத்தி.
புகைத்ததே இல்லையாம்.
இருமல் மட்டும் ஐந்து வாரமாக.
இந்த லாரி உங்களுக்கல்ல என்று
திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்றிருந்தேன்.
இஃபியோமா அவளை உட்கார வைத்து,
ஒரு தாளில் எழுதிக் கொடுத்து,
இன்றைக்கே மருத்துவரைப் பார், நாளை என்று சொல்லாதே,
புகைக்காத நுரையீரலுக்கும் நோய் வரும் என்றாள்.

நான் காற்று வாட்டம் பார்த்து
லாரியின் பின்னால் நின்று பற்றவைத்தேன்.
பதினைந்து வயதில் தொடங்கியது. நாளுக்கு இருபது.
சுவரின் அந்தப் பக்கம் எந்திரத்தின் குரல்
மூச்சை இழுங்கள்
பிடித்துக்கொள்ளுங்கள்
என்றபோது
நானும் பிடித்துக்கொண்டு நின்றேன், புகையோடு.
நாலு வருடமாக இப்படித்தான்.

என் பெயருக்கும் ஒரு கடிதம் வந்திருந்தது.
டேஷ்போர்டில், பார்க்கிங் ரசீதுகளுக்கு அடியில்.

ஜனவரியில் பனி கொட்டிய ஒரு நாள்
பதினோரு பேர் வரவில்லை.
கண்ணாடிப் பனியைச் சுரண்ட ஏதாவது கிடைக்குமா என்று
டேஷ்போர்டைத் திறந்தாள் இஃபியோமா.
'நெவில் ஸ்டாட்.' பிரிக்காத உறை.
ஒன்றும் சொல்லவில்லை.
கெட்டிலைப் போட்டாள்.
தேநீர்க் கோப்பையை அந்த உறையின் மேல் வைத்தாள்.
கோப்பையை எடுத்தால் என் பெயர்மேல் ஈர வட்டம்.

"இந்த லாரியில் சாய்ந்து நிற்பது
நீ ஒருவன்தான், நெவில்."

அவளே எண்ணை அழுத்தித் தொலைபேசியை நீட்டினாள்.
கேள்விகள் கேட்டார்கள். நெஞ்சில் கைவைத்துப் பதில் சொன்னேன்,
இருபது என்பதைப் பத்தாக்காமல்.

மல்லாந்து படுத்தேன்.
ஆயிரம் முறை மட்டம் பார்த்த தரை.
முதுகுக்குத் தெரிந்தது, சமம்தான்.
ஊசியில்லை, வலியில்லை.
கையுறை மாட்டும் நேரம்கூட ஆகவில்லை.
மூச்சை இழுங்கள். பிடித்துக்கொள்ளுங்கள்.
அந்தக் குரலுக்கு இந்தப் பக்கத்தில்
இப்போதுதான் முதன்முறை.
விடலாம் என்றது.
விடத் தெரியாமல் கிடந்தேன்.

வலது மேல்பகுதியில் ஏழு மில்லிமீட்டர்.
வறுத்த மீனோடு தருவார்களே, அந்தப் பட்டாணியைவிடச் சின்னது.
பெரும்பாலும் ஒன்றுமிருக்காது என்றாள்.
சிலது இருக்கும்.
அதனால்தான் மூன்று மாதம் கழித்து இன்னொரு படம்.
வளர்ந்தால் தெரியும், சின்னதாக இருக்கும்போதே
கையில் சிக்கும் என்றாள்.

மகள் ராக்சானிடம் மூச்சு விடவில்லை நான்,
பிப்ரவரி பாதிவரை.
பிறகு மீன்கடை வாசலில்
தட்டில் ஒரு பட்டாணியை ஒதுக்கிவைத்துச் சொல்லிவிட்டேன்.
அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
அப்புறம் முள்கரண்டியால் எடுத்துத் தின்றுவிட்டாள்.

சிகரெட் இருபதிலிருந்து ஆறுக்கு வந்திருக்கிறது.
பெருமை பேச ஒன்றுமில்லை.
நேற்று ஏழு.

பதினேழாம் தேதி என் முறை, இதே இடத்தில்.
இன்று ஐந்தரைக்கு வந்துவிட்டேன்.
மூன்று கால் இறக்கியாயிற்று.
குமிழ் இன்னும் கொஞ்சம்
வலப்பக்கம் நிற்கிறது.